வீட்டிலே பயிலும் பிள்ளையும் மேல்நிலை இலக்கணமும்

வீட்டிலே தமிழ் பயிலும் பிள்ளை ஒன்று தொடக்க இலக்கணத்தை ஒருவாறு கற்று முடித்துவிட்டது. எழுத்தின் வகை, பெயர், வினை, ஒருமை, பன்மை, முக்காலம் என்பனவெல்லாம் அதற்குத் தெரியும். இனி அதனைப் புணர்ச்சி, பகுபதம், தொகைநிலைத் தொடர் என்னும் மேற்படிகளுக்கு ஏற்றலாமா? அன்றி இன்னுஞ் சிறிது காலம் பொறுத்தல் வேண்டுமா? பெற்றார் பலர் என்னிடம் கேட்கும் வினா இது. பிள்ளையின் வயதையும் வகுப்பையும் சொல்லிவிட்டு, "தொடங்கலாமோ, ஐயா?" என்று கேட்பார்கள். வயதையும் வகுப்பையும் மாத்திரம் கொண்டு அதற்கு விடை கூற இயலாது.

வீட்டுக் கல்வி என்று நான் சொல்வது பாடசாலையை விலக்கிய கல்வியையன்று. இலங்கையிலே 5 வயது முதல் 16 வயது வரை பாடசாலைக் கல்வி கட்டாயமானது. ஆயினும், நமது வன்னிப் பெருநிலத்திலே வீடே பாடசாலையாக வேண்டிய காலங்கள் வந்தன. இரணைமடுக் குளத்து நீரால் வயல் விளையும் எங்கள் வட்டக்கச்சியின் மக்கள் 2008ஆம் ஆண்டின் இறுதியிலும் 2009ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் ஊரை விட்டு இடம்பெயர்ந்தனர். பின்னர் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமிலே பலர் தங்கினர். அம்முகாம் மூடப்பட்டது 2012ஆம் ஆண்டிலே. அந்த ஆண்டுகளிலே எழுத்தும் எண்ணும் பல பிள்ளைகளுக்குத் தாயின் வாயிலாகவோ தமக்கையின் வாயிலாகவோதான் கிடைத்தன. மறுபடியும் 2020 மார்ச்சிலே பெருந்தொற்றின் பொருட்டுப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, திண்ணைகளும் விறாந்தைகளும் வகுப்பறைகளாயின. கடல் கடந்து வாழும் நம்மவரோ, பிள்ளைக்குத் தமிழை வீட்டிலேயே புகட்ட வேண்டிய நிலையில் இன்றும் இருக்கின்றனர்.

இவ்வாறு இடையிடையே அறுபட்ட கல்வியிலே மிகுதியும் ஊறுபடுவது இலக்கணமே. விட்டுப்போன கதைப் பாடத்தை எப்போதும் எடுத்து வாசிக்கலாம். சரித்திரத்திலே ஓர் அரசனை விட்டுவிட்டு அடுத்த அரசனைப் படிப்பதும் கூடும். இலக்கணம் அத்தகையதன்று. வேற்றுமை விளங்காத பிள்ளையின் மீது புணர்ச்சி விதியை ஏற்றினால், அது அந்தரத்திலே நிற்கும். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை நெருங்கும் வேளையிலே பெற்றார் அச்சங்கொண்டு வழிகாட்டிப் புத்தகங்களை வாங்கிக் கொடுக்கின்றனர். பிள்ளை அவற்றை உருப்போடுகின்றது. பரீட்சையிலே உதாரணம் சற்று மாறியவுடன் தடுமாறுகின்றது. ஈற்றிலே, "எனக்குத் தமிழ் வராது" என்று சொல்லிவிடுகின்றது. பிறந்த நாள் முதல் தமிழிலேயே சிரித்து, அழுது, சண்டையிட்டு வளர்ந்த பிள்ளை அவ்வாறு சொல்வதைக் கேட்க எனக்குப் பொறுப்பதில்லை. காலத்துக்கு முன்னே ஏற்றிய படி செய்யுந் தீங்கு அது. இதற்கு மாறான தீங்கும் உண்டு. நுட்பமான கேள்வி கேட்கத் தொடங்கிய பிள்ளையை, "அது பெரிய வகுப்புப் பாடம்" என்று அடக்கிவிட்டால், அதன் ஆவலும் அவிந்துவிடுகின்றது.

ஆகவே, காலம் அறிவது எப்படி?

முதலிலே மனப்பாடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகின்றேன். பிள்ளை சூத்திரத்தைத் தடையின்றி ஒப்புவித்தால் ஆயத்தமாகிவிட்டது என்று பெற்றார் எண்ணுகின்றனர். ஏழாந் தரத்து மாணவி ஒருத்தி பகுபத உறுப்புகள் ஆறினையும் மூச்சு விடாமல் சொன்னாள்: பகுதி, விகுதி, இடைநிலை, சந்தி, சாரியை, விகாரம். கேட்க இனிமையாகவே இருந்தது. பின்னர், "அறுத்தான் என்பதிலே பகுதி எது?" என்று கேட்டேன். அவள் அந்த ஆறினையும் மறுபடி சொன்னாள். அவளுடைய தந்தை அன்று காலையிலேதான் வயல் அறுத்துவிட்டு வந்திருந்தார். அறு என்பது அவள் வீட்டிலே நாடோறும் புழங்குஞ் சொல். அந்தச் சொல்லுக்கும் பாடத்துக்கும் இடையிலே பாலம் இல்லை என்பதே குறை.

இதனால் மனப்பாடம் வேண்டாவென்று நான் கூறவில்லை. சூத்திரம் மனத்திலே நிற்பதற்காகவே யாக்கப்பட்டது. நன்னூலின் பாயிரத்திலே பவணந்தி முனிவர் மாணாக்கரை மூவகையாகப் பகுக்கின்றார். அன்னத்தையும் பசுவையும் ஒத்தவர் தலையாயவர். மண்ணையும் கிளியையும் ஒத்தவர் இடையாயவர். ஓட்டைக் குடத்தையும் ஆட்டையும் எருமையையும் நெய்யரியையும் ஒத்தவர் கடையாயவர். சொன்னதைச் சொல்லும் கிளியை முனிவர் கடையிலே தள்ளவில்லை, இடையிலே வைத்தார் என்பதைக் கவனித்தல் வேண்டும். ஆயின், தலையிலும் வைக்கவில்லை.

இனி, பொருளுக்கு வருவோம். மேல்நிலை இலக்கணத்தின் வாயிலிலே நிற்பது வேற்றுமை. புணர்ச்சி விதிகளைச் சொல்லும்போது, இன்ன மாற்றம் வேற்றுமைப் புணர்ச்சியில் வரும், இன்னது அல்வழிப் புணர்ச்சியில் வரும் என்று நூலார் பிரித்தே பேசுவர். இந்த வேறுபாட்டைச் செவியாலும் பொருளாலும் உணராத பிள்ளைக்கு அவ்விதிகள் வெறும் ஓசையாகவே இருக்கும். "குளம் பெரிது" என்கிறோம். அங்கே மகரம் அப்படியே நிற்கின்றது. "குளக்கரை" என்கிறோம், அங்கே மகரம் கெட்டுக் ககரம் மிகுகின்றது. ஏன்? குளத்தினது கரை என்னும் உறவு பின்னதிலே மறைந்து நிற்கின்றது; முன்னதிலே அத்தகைய வேற்றுமை உறவு இல்லை. பிள்ளை இதனைச் சூத்திரமின்றியே தன் சொல்லிலே சொல்லிவிட்டால், வாயில் திறந்துவிட்டது என்று கொள்ளலாம்.

இன்னுமொரு சோதனை. "அவன் வேலை செய்தான்", "அவன் வேலைச் செய்தான்" என்னும் இரண்டு வாக்கியங்களையும் எழுதிக் காட்டுங்கள். பின்னதைப் பிழை என்று உடனே வெட்டிவிடும் பிள்ளை இன்னும் பொறுக்கட்டும். சற்று நின்று, "இவன் கொல்லனோ?" என்று கேட்கும் பிள்ளைக்கு வேல் என்னும் சொல்லும், அதன்மேல் ஏறிய ஐ உருபும், அதன் பின்னே மிகுந்த சகரமும் தெரிந்துவிட்டன. அவ்வாறே "கீரி கடித்த பாம்பு" என்று சொல்லிப் பாருங்கள். கடித்தது எது, கடிபட்டது எது? இரண்டு விதமாகவும் பொருள் கொள்ளலாம் என்று கண்டு சிரிக்கும் பிள்ளை மறைந்து நிற்கும் உருபைத் தேடத் தொடங்கிவிட்டது என்க.

எனினும், இவற்றினும் சிறந்த அறிகுறி ஒன்றுண்டு. பிள்ளை விதியைக் கேட்பது ஒரு நிலை. விதிக்கு அடங்காததைக் கண்டு காரணங் கேட்பது அதற்கு மேலான நிலை. இதனை எங்கள் ஊர்ப் பனையைக் கொண்டே விளக்குகின்றேன்.

பனையோலை என்கிறோம். பனையும் ஓலையும் சேரும்போது இடையிலே யகரம் வந்து உடம்படுத்துகின்றது. இது எளிய விதி. மழையோசை, தலையணை என்று பிள்ளை தானே உதாரணம் அடுக்கும். ஆயின், பனையோடு கிழங்கு சேர்ந்தால் பனைக்கிழங்கு என்று வராமல் பனங்கிழங்கு என்று வருகின்றது. பனங்காய், பனங்கட்டி, பனங்குருத்து என்பனவும் அத்தகையனவே. இங்கே ஐகாரம் போய் அம் என்னும் சாரியை வந்து நிற்கின்றது. அப்படியானால் கொடியோடு சேரும்போது பனங்கொடி என்று வர வேண்டுமல்லவா? அங்கே பனைக்கொடி என்றே வரும். இவை போதாவென்று பனாட்டு ஒன்று இருக்கின்றது. பனம்பழத்தைப் பிழிந்து களியெடுத்துப் பாயிலே பரப்பி வெயிலிலே காயவைக்கும் அந்தப் பனாட்டை அறியாத வன்னிப் பிள்ளை உண்டோ? பனையோடு அட்டு சேர, ஐகாரங் கெட்டு, வரும் சொல்லின் அகரம் ஆகாரமாக நீண்டு பனாட்டு ஆயிற்று. பனையட்டு என்று எவரும் சொல்வதில்லை.

இவையனைத்தையும் நன்னூலார் ஒரே சூத்திரத்திலே அடக்கியிருக்கின்றார். தொல்காப்பியரும் பனைக்கு அட்டு வரும் இடத்தை எடுத்தோதியுள்ளார். பனாட்டுத் துண்டைக் கையிலே வைத்துக்கொண்டு, "ஏன் அம்மா இது பனையட்டு இல்லை?" என்று ஒரு பிள்ளை கேட்குமாயின், அந்தச் சூத்திரத்தைக் கற்பிக்கும் நாள் அதுவே. அன்றைக்கு அதனைச் சொன்னால், தன் ஐயத்துக்கு யாரோ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே விடை எழுதி வைத்திருக்கின்றார் என்று பிள்ளை வியப்படையும். அந்த வினா எழுவதற்கு ஓராண்டு முன்னே அதே சூத்திரத்தைப் புகட்டினால், மூன்று அடிப் பாரமாகவே இருக்கும்.

வீட்டிலே பேசும் மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. "என்னட்டை இருக்கு", "வீட்டுக்கை நிக்கிறார்" என்று பிள்ளை பேசினால், சில பெற்றார் அதனை இழிவாகக் கருதி அதட்டுகின்றனர். அது வேண்டாதது. "என்னட்டை" என்பது "என்னிடம்" என்றும், "வீட்டுக்கை" என்பது "வீட்டினுள்" என்றும் எழுத்திலே மாறும் என்பதை அறிந்து, இரண்டிலும் தங்குதடையின்றிப் புழங்கும் பிள்ளையே ஏழாம் வேற்றுமையை விரைவிலே பற்றிக்கொள்ளும். பேச்சை அடக்கிய வீட்டிலே பிள்ளைக்கு ஒப்புநோக்க ஒன்றும் இருப்பதில்லை.

சோதிக்கும் ஆற்றல் யாருக்கு உண்டு என்பது அடுத்த வினா. "எமக்கே இலக்கணந் தெரியாதே, பிள்ளை ஆயத்தமா என்று நாம் எப்படி அறிவோம்?" என்று தாய்மார் கவலையுறுகின்றனர். இங்கே மறுபடியும் நன்னூற் பாயிரத்துக்குச் செல்வோம். ஆசிரியர் உரைப்பதை மாணாக்கன் நன்றாகக் கேட்டுக் கொண்டாலும், கல்வியிலே காற்பங்கே அவனுக்குச் சேரும் என்கின்றார் முனிவர். உடன் பயில்வாரோடு பழகுவதாலே இன்னொரு காற்பங்கு. எஞ்சிய அரைப்பங்கு எங்கிருந்து வரும்? தான் கற்றதைப் பிறருக்கு எடுத்துரைப்பதாலே வரும். இந்தக் கணக்கை வீட்டுக் கல்வியோடு பொருத்திப் பாருங்கள். வீட்டிலே கற்கும் பிள்ளைக்கு முதலாங் காற்பங்கு கிடைத்துவிடலாம். உடன் பயில்வார் இன்மையால் இரண்டாவது பெரும்பாலும் கிடைப்பதில்லை. ஆனால், அரைப்பங்கை அளிக்கும் வழி வீட்டிலே தாராளமாக இருக்கின்றது. கேட்பதற்குத் தம்பி இருக்கின்றான், தங்கை இருக்கின்றாள், இலக்கணம் அறியாத தாயே இருக்கின்றாள்.

நான் பெற்றாருக்குச் சொல்லும் யோசனை இதுதான். ஒரு பாடம் முடிந்து இரண்டு வாரம் கழியட்டும். அந்த இரண்டு வாரமும் அதைப் பற்றிப் பேச வேண்டாம். பின்பு, சோறு வடிக்கும் வேளையிலோ மாலையிலே முற்றத்திலிருக்கும் வேளையிலோ, "அந்த வேற்றுமை என்று என்னவோ படித்தாயே, அது என்ன? எனக்கு விளங்கச் சொல்லு" என்று கேளுங்கள். பிள்ளை கொப்பியை எடுக்க ஓடினால் இன்னும் காலமாகவில்லை. புத்தகத்திலுள்ள "இராமன் மரத்தை வெட்டினான்" என்பதையே மறுபடி சொன்னாலும் காலமாகவில்லை. அடுப்பையும் பானையையும் அகப்பையையும் காட்டி, "அம்மா அகப்பையால் சோற்றைக் கிளறினா, இதிலே ஆல் கருவி, ஐ செயப்படுபொருள்" என்று புதிதாக ஒன்றைப் படைத்துச் சொன்னால், அப்பாடம் பிள்ளைக்குச் சொந்தமாகிவிட்டது. இந்தப் பரீட்சையை நடத்துவதற்கு என்னைப் போன்ற ஆசிரியனைக் காட்டிலும் இலக்கணம் அறியாத தாயே தகுதி வாய்ந்தவள். பிள்ளை அரைகுறையாகச் சொன்னால், மீதியை ஆசிரியன் தன் மனத்திலே தானே நிரப்பிக்கொண்டு "சரி, சரி" என்று தலையசைத்துவிடுவான். தாய்க்கு விளங்காவிட்டால் விளங்கவில்லை என்றே சொல்லுவாள்.

ஆயத்தம் என்று கண்ட பின்னரும் நேரே நன்னூலின் சூத்திரங்களுக்குள் குதிக்க வேண்டுவதில்லை. அது 462 சூத்திரங்களால் ஆன நூல். எழுத்திலே தொடங்கிச் சொல்லுக்குப் போகின்றது. பாலபாடங்களுக்கும் நன்னூலுக்கும் இடையிலே ஒரு படி வேண்டும் என்று கண்டவர் நல்லூர் ஆறுமுக நாவலர். 1848ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவி, பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திப் பார்த்தவர் அவர். அவருடைய இலக்கணச் சுருக்கம் சூத்திரங்களைத் தவிர்த்து வசனத்திலே செல்வது. எழுத்து, சொல் என்பவற்றோடு தொடர்மொழிக்கும் ஓர் அதிகாரம் வகுத்தது. பகுதிதோறும் கேள்விகளைக் கொடுத்தது. வீட்டிலே கற்பிப்போருக்கு இன்றும் அது பயன்படும். வீட்டிலே இதனைக் கற்பிக்கும்போது சொல்லதிகாரத்தை முதலிலே எடுத்து, வேற்றுமை நன்கு படிந்த பின்னர்ப் புணர்ச்சிக்கு மீளலாம் என்பது என் கருத்து. இதனை மரபுவழி வந்த புலவர் சிலர் ஒப்பமாட்டார் என்பதும் தெரியும். தொல்காப்பியமோ இவற்றுக்கெல்லாம் பிந்தியது. புன்னாலைக்கட்டுவன் கணேசையரின் குறிப்புகளோடு அதனைப் பயிலும் பருவம் வேறு.

பிள்ளை இன்னும் ஆயத்தமாகவில்லை என்று கண்டால் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. இலக்கணப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வாசிக்க விடுங்கள். நாளுக்கு ஒரு பக்கம் உரத்து வாசித்தல், வாரத்துக்கு இரண்டு முறை சொல்வதெழுதல், மாதத்துக்கு ஒரு கடிதம் போதும். உரத்து வாசிக்கும் பிள்ளையின் செவியிலே வல்லினம் மிகும் இடமும் மிகா இடமும் தாமே படியும். உ. வே. சாமிநாதையரின் வரலாறு இங்கே நினைவு கூரத்தக்கது. இளமையிலே அவருடைய தந்தையார் ஊர் ஊராகச் சென்று ஆசிரியரைத் தேடி மகனுக்குத் தமிழ் கற்பித்தார். நன்னூலையும் யாப்பிலக்கணத்தையும் அவ்வாறே கற்றவர், 1871ஆம் ஆண்டிலே மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் வந்து சேர்ந்தார். அங்கே அவர் முதலிலே பாடங்கேட்டவை அந்தாதி, பிள்ளைத்தமிழ் போன்ற சிறு பிரபந்தங்களே. இலக்கணங் கற்றவர் இலக்கியத்துக்கு மீள்வது இறக்கமன்று.

வீடு தன் எல்லையை அறிந்து பிள்ளையை வேறொருவரிடம் ஒப்படைக்க வேண்டிய காலமும் வரும். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை தம் தந்தையாரிடம் கல்வியைத் தொடங்கினார். பின்னர் சுன்னாகம் முத்துக்குமார கவிராயரிடம் இலக்கண இலக்கியங்களைக் கற்றார். வீரசோழியத்தை 1881ஆம் ஆண்டிலும் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885ஆம் ஆண்டிலும் பதிப்பித்து அளித்தவர் அவரே. தந்தையாரிடமே நின்றிருந்தால் என்ன ஆகியிருப்பார் என்பதை நாம் ஊகிக்க வேண்டியதில்லை. பிள்ளை கேட்கும் வினாக்களுக்கு மூன்று வாரம் தொடர்ந்து வீட்டிலே விடை கிடைக்காவிட்டால், அயலிலுள்ள தமிழாசிரியரை நாடுங்கள். பாடசாலை முடிந்த பின்னர் ஒரு மணி நேரம் ஒதுக்க மறுக்கும் தமிழாசிரியரை இப்பகுதியிலே நான் கண்டதில்லை.

உடன் பயில்வாரைத் தேடிக் கொடுப்பதும் கடினமன்று. அயல்வீட்டுப் பிள்ளைகள் இருவரை சனிக்கிழமை காலையிலே கூட்டி உட்கார வையுங்கள். ஒருவர் கேட்க, ஒருவர் சொல்ல, ஒருவர் பிழை பிடிக்கட்டும். வெளிநாட்டிலே தனியாகத் தமிழ் பயிலும் பேரப்பிள்ளை இருந்தால், கிழமைக்கு ஒரு நாள் தொலைபேசியிலே இங்குள்ள அம்மம்மாவுக்குப் பாடஞ் சொல்லச் செய்யுங்கள். அம்மம்மா நன்னூலைக் கண்டிருக்கமாட்டா. ஆனால், பேரன் பனையட்டு என்று சொன்னால், "அது என்ன மோனை, அப்படி ஒரு சாமான் இஞ்சை இல்லையே" என்று உடனே கேட்பா. அதற்கு அவன் என்ன விடை சொல்கின்றான் என்று கவனித்துக் கேளுங்கள்.